பைபாய்க்கு வந்ததற்கான சான்று

சான் தெல்மோ ஊரின் சரித்திரம் பைபாயில்தான் தொடங்குகிறது. மேயருக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. ஆற்றுமுகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மணல்திட்டில்தான் முதல் பத்துக் குடிசைகள் எழுந்தன. தெற்கிலிருந்து கொள்ளையர்கள் படகுகளில் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் பாதி ஜனம் பயந்து மேட்டுக்கு ஏறியது. ஏறியவர்கள் அங்கே கல்லில் கோயிலும் மணிக்கூண்டும் கட்டிக்கொண்டு, தாங்கள்தான் ஊர் என்றார்கள். கீழே தங்கியவர்களைக் கரைக்காரர்கள் என்றார்கள். கரைக்காரர்கள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. மேட்டுக்காரர்கள் தின்னும் மீன் எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். ஏப்ரல் திருவிழாவில், ஊருக்குப் பேர் கொடுத்த புனிதர் சான் தெல்மோவின் சொரூபத்தை இரட்டைப் படகில் ஏற்றிக் கரையோரமாக ஊர்வலம் கொண்டுபோவார்கள். ஏழு கிராமங்கள், ஏழு நிறுத்தங்கள். எந்தக் கிராமம் முதலில் பிறந்ததோ அங்கே முதலில் நிற்க வேண்டும். முதல் நிறுத்தம் பைபாய். ஸ்பெயின்காரன் ஆண்டபோதும், அமெரிக்கன் வந்தபோதும், ஜப்பான்காரன் துப்பாக்கியோடு கரையில் நின்றபோதும் அப்படித்தான்.

அதனால்தான் நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் லியோனிசாவுக்கு ரத்தம் கொதித்தது. லியோனிசா கபோர்னெஸ் பைபாய் கிராம அலுவலகத்தின் செயலாளர். நாற்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், போன வருஷத்துப் புயலுக்குப் பிறகு இன்னும் தார்ப்பாய்க் கூரையோடு ஒரு வீடு. கடிதத்தில் இந்த வருஷ நிறுத்தங்கள் வரிசையாக இருந்தன. ஆறு.

"கேப்டன், நம்ம பேரைக் காணோம்," என்றாள்.

கிராமத் தலைவர் தியோஃபிஸ்தோ பல்தாதோவை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவருக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "தட்டச்சுல விட்டுப் போயிருக்கும்," என்றார்.

"ரெண்டாவது பக்கத்தைப் படிங்க. தட்டச்சா, தலையில கல்லா போட்டிருக்கான்னு தெரியும்."

இரண்டாவது பக்கத்தில் இருந்தது இதுதான். திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை, நகராட்சி மன்றம் கூடுகிறது. பைபாய் திட்டு புயலில் கடலுக்குள் போய்விட்டதாகவும், அங்கே இப்போது யாரும் குடியிருக்கவில்லை என்றும் எஞ்சினியர் நேரில் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறார். அதை மன்றம் ஏற்றுக்கொள்ளப் போகிறது. ஏற்றுக்கொண்டால் பைபாய் என்ற கிராமம் பட்டியலிலிருந்து போய்விடும். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மலைக்குப் பின்னால், கடலிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி வீடு. திட்டில் ஒரு பெரிய ஓட்டல் வரப்போகிற செய்தி கடிதத்தில் இல்லை. அது சந்தையில் மீன் வாங்க வரும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

"நேர்ல பாத்தானாம்!" லியோனிசா அலமாரியிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து மேஜையில் போட்டாள். "இந்த வாசல்ல காலை வச்ச ஒவ்வொருத்தனும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கான். தடுப்பூசி போட வந்த நர்ஸ், பன்னி எண்ண வந்தவன், கள்ளு குடிச்சிட்டு வழி தவறி வந்தவன் உள்பட. எஞ்சினியர் பேரு எங்க இருக்கு?"

கேப்டன் பதிவேட்டை மூடித் திரும்ப அலமாரியில் வைத்தார். அவருடைய மகன் நகராட்சியில் குப்பை வண்டி ஓட்டுகிறான், ஒப்பந்த வேலை. அது அவளுக்கும் தெரியும்.

அன்று மதியமே அவள் மேட்டுக்குப் போனாள். எஞ்சினியர் அர்னுல்ஃபோ கெட்டவர் இல்லை. சோம்பேறி, காகிதப் பிரியர், அவ்வளவுதான். சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். மலை பச்சையாக இருந்தது, ஆறு நெளிந்தது, ஆற்றுமுகத்துக்கு வெளியே ஒரே நீலம்.

"பாத்தீங்களா மானாங்? சாட்டிலைட் படம். மணிலாவுலேருந்து வந்தது." அங்கே மூத்த பெண்களை மானாங் என்றும் மூத்த ஆண்களை மானோ என்றும்தான் சொல்வார்கள். அவர் வாயில் அது மரியாதையாக வரவில்லை, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி வந்தது.

"எப்ப எடுத்த படம்?"

"புயலுக்கு மறு வாரம்."

"மறு வாரம் இந்த ஆபீசுக்குள்ளயே முழங்கால் தண்ணி. இதையும் நீலமா அடிச்சிட வேண்டியதுதானே?" என்றாள் லியோனிசா. "மணல் திரும்பி வந்து அஞ்சு மாசமாச்சு. வடகிழக்குக் காத்து கொண்டுபோகும், கொண்டும் வரும். இந்தத் தடவை முந்நூறு மீட்டர் தெற்கே வந்திருக்கு. நாங்க வீடுகளைத் தூக்கி அங்க வச்சிட்டோம். நான் அங்கேருந்துதான் வர்றேன். பாருங்க, காலு இன்னும் ஈரம்."

அர்னுல்ஃபோ அவள் காலைப் பார்க்கவில்லை. "ரெக்கார்டுப்படி அது கடல் மானாங்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. அப்போதுதான் வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஊர்வலப் படகின் புதுப்பாதை. ஆற்றுமுகத்திலிருந்து கிளம்பி நீலத்துக்குக் குறுக்கே நேராகப் போனது.

"இது எங்க மணல் மேல போகுது. இறங்கு நீர்ல படகு தட்டும்," என்றாள். "வழி பழைய மாதிரி எங்க கரையை ஒட்டித்தான் இருக்கு. சுக்கான் எங்க ஆள்கிட்ட குடுங்க. எப்பவும் எங்க ஆள்தான் பிடிப்பான்."

"இந்த வருஷம் மேயரோட மச்சான் பிடிக்கிறார்."

"அவர் ஜீப்பு ஓட்டுறவரு!"

அந்த நேரத்தில்தான் மேயர் டெல்ஃபின் உள்ளே வந்தார். பளபளவென்று வெள்ளைச் சட்டை, தோளில் கைபோடுகிற சுபாவம். லியோனிசாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துத் தானே காப்பி ஊற்றிக் கொடுத்தார். எஞ்சினியர் அறிக்கையோடு கிராமச் செயலாளரின் சான்றும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். 'இங்கு குடியிருப்போர் எவருமில்லை.' ஒரே வரி. போட்டால் மலைக்குப் பின்னால் முதல் வீடு அவளுக்கு, தகரக் கூரையும் இரண்டு அறையும். நகராட்சியில் நிரந்தர வேலையும் உண்டு.

"நீ படிச்சவ லியோனிசா. அடுத்த புயல்ல பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அது அவள் நெஞ்சில் குத்தியது. புயல் இரவில் இரண்டு பெண்களையும் கோயில் தூணோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பயம் இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் இந்த ஆள் அவள் பயத்தை எடுத்து அவளுக்கே விற்கப் பார்க்கிறார். அதை நினைத்தபோது காப்பி கசந்தது.

"மேயர், புயலுக்கு பயந்துதான் எங்களை மேல ஏத்துறீங்கன்னா, ஓட்டல்காரங்களை ஏன் கீழே இறக்குறீங்க? அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

மேயர் சிரிக்கவில்லை. அவள் காப்பியைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்தாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. சொரூபம் வராதென்று தெரிந்ததும் பாதிப்பேர் அடுப்பே மூட்ட வேண்டாம் என்றார்கள். கறுப்புத் துணி கட்டலாம் என்றார் கேப்டன், அதையும் ரகசியமாகக் கட்டலாம் என்கிற மாதிரி மெல்லச் சொன்னார். லியோனிசா கேட்கவில்லை.

"கறுப்புத் துணி செத்தவன் வீட்டுக்கு. யாரு செத்தா இங்க? சமைங்க. எப்பவும் சமைக்கிறதை விட ரெண்டு மடங்கு சமைங்க. சாமி வரலைன்னா நாமளே தின்னு தீப்போம்."

அப்படியே சமைத்தார்கள். ஒரு பன்றி முழுசாக நெருப்பில் சுழன்றது. பச்சை மீனைத் துண்டுபோட்டுத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியிலும் இஞ்சியிலும் ஊறவைத்தார்கள். ஒட்டரிசியை ஓலையில் கட்டி வேகவைத்தார்கள். இரண்டு மணிக்கு ஆற்றுப் பக்கமிருந்து பாண்டு வாத்தியம் கேட்டது. எல்லோரும் கரைக்கு வந்து நின்றார்கள்.

கொடிகளும் காகிதப் பூக்களுமாக இரட்டைப் படகு வந்தது. மேலே சான் தெல்மோ, பக்கத்தில் பங்குச் சாமியார், மேயர், ஓட்டல்காரர்கள் இரண்டு பேர், எஞ்சினியர், நகராட்சி ஆட்கள் ஏழு பேர், பாண்டுக்காரர்கள். மேயரின் மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். படகு பைபாய் கரைப் பக்கம் திரும்பவே இல்லை. மேயர் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. நீல வரைபடத்தின் சிவப்புக் கோட்டில் நேராகப் போனது.

போய், 'கிர்ர்' என்றது.

பாண்டு வாத்தியம் பாதியில் நின்றது. டிரம் அடிப்பவர் முன்னால் நின்ற ஓட்டல்காரர் முதுகில் விழுந்தார். சான் தெல்மோ ஒரு பக்கமாகச் சாய, சாமியார் இடுப்பைப் பிடித்துத் தாங்கினார். படகு மணலில் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் படகைச் சுற்றிக் கணுக்கால் அளவுதான் நீர்.

கரையில் ஒரு கிழவர் கெக்கெக்கே என்று ஆரம்பிக்க, நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் சிரித்தது. நாலைந்து இளைஞர்கள் பழக்க தோஷத்தில் படகைத் தள்ள ஓடினார்கள்.

"நில்லுங்கடா!" என்று லியோனிசா கத்தினாள். "எங்க போறீங்க? அது கடல்! ரெக்கார்டுப்படி இருபதடி ஆழம்! மூழ்கிடுவீங்க!"

"லியோனிசா, விளையாடாதே!" மேயர் படகிலிருந்து சத்தம் போட்டார். "ஆட்களை அனுப்பு! நாலு மணிக்கு கவர்னர் துறைமுகத்துக்கு வர்றார்!"

"எந்த ஆட்களை மேயர்? இங்கதான் யாரும் குடியில்லையே! நீங்க யார்கிட்ட பேசுறீங்க?"

"மச்சானைத் தள்ளச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல். "முதல் கியர்ல போட்டு எடுக்கச் சொல்லுங்க!" என்றது இன்னொன்று.

முதலில் இறங்கியது சாமியார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கியைத் தூக்கிக்கொண்டு, சப் சப்பென்று நடந்து வந்தார். வாட்டிய பன்றியின் வாசனை அவரைக் கூப்பிட்டது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். அவர் பின்னால் பாண்டுக்காரர்கள், பிறகு நகராட்சி ஆட்கள், கடைசியாகக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓட்டல்காரர்கள். சொரூபத்தைப் பைபாய் பெண்கள் எட்டுப் பேர் போய்த் தூக்கிக்கொண்டு வந்து, எப்போதும் வைக்கிற பந்தலில் வைத்தார்கள். யாரும் வந்தவர்களைத் திட்டவில்லை. திருவிழாவில் கரையேறியவனுக்குச் சோறு போடாமல் அனுப்பினால் பைபாய்க்காரன் இல்லை. அதில் லியோனிசாவும் அடக்கம்.

மேயர் மட்டும் எதையும் தொடவில்லை. ஒரு தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கவர்னரின் ஆட்களுக்கு போன் மேல் போன் போட்டார். லியோனிசா வருகைப் பதிவேட்டை நீட்டியபோது அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை முட்டாள்னு நினைச்சியா? இல்லாத ஊர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு மன்றம் முடியட்டும். அப்புறம் இந்தப் புஸ்தகத்துல மீன் மடிச்சு வித்துக்க."

அவர் முட்டாள் இல்லைதான். அவள் பதிவேட்டை மூடிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினாள். ஊரே வந்து உட்கார்ந்து தின்கிறது, ஆனாலும் நாளை காலை பத்து மணிக்கு ஊர் இல்லை. படகு மணலில் தட்டியதில் சிரித்தாயிற்று. சிரிப்பை மன்றத்தில் யார் கணக்கில் எடுப்பார்கள்?

அப்போது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எஞ்சினியர் அர்னுல்ஃபோ. கையில் இன்னும் ஒரு எலும்பு, உதட்டில் எண்ணெய். பின்னால் நகராட்சி ஆட்கள் ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"மானாங், வருகைச் சான்று போட்டுக் குடுத்துடறீங்களா?"

அந்த நாட்டு அரசாங்க ஊழியர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அலுவலகத்தை விட்டு வெளியே எங்கே போனாலும், போன இடத்தில் 'இன்னார் இன்ன நாளில் இங்கே வந்திருந்தார்' என்று ஒரு சான்று வாங்காமல் அவர்கள் திரும்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சான்று இருந்தால் வேறொரு நாள் விடுப்பு. கப்பல் மூழ்கினாலும் கரையேறின இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

லியோனிசா அவரையே பார்த்தாள். "நெசமாவே வேணுமா எஞ்சினியர்?"

"இதென்ன கேள்வி? எட்டுப் பேருக்கும். ரெண்டு ரெண்டு காப்பி. முத்திரையோட."

"எந்த ஊர்ப் பேர்ல?"

"அட, இந்த ஊர்ப் பேர்லதான்! வேற எந்த ஊர்ப் பேர்ல குடுப்பீங்க?" என்று அலுத்துக்கொண்டார். நாளை மன்றத்தில் வாசிக்கப் போகும் தன் அறிக்கை அந்த நிமிஷத்தில் அவர் ஞாபகத்தில் இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு மட்டும்தான் இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு வார்த்தை பொய் கலக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். சான் தெல்மோ நகராட்சி, பைபாய் கிராமத்துக்கு இன்று அலுவல் நிமித்தம் வருகை தந்தார், கிராம அலுவலகத்தில் நேரில் வந்து இச்சான்றைப் பெற்றுக்கொண்டார் என்று எழுதினாள். எட்டும் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினாள். ஆனால் கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

கேப்டன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். "என் பையன் வேலை போயிடும், லியோனிசா."

"போகும், மானோ," என்றாள். அவரைக் கேப்டன் என்று கூப்பிட அப்போது அவளுக்கு வாய் வரவில்லை. "எனக்குக் கிடைக்க இருந்ததும் போச்சு. போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போடாட்டி நாளையிலேருந்து நீங்க எந்த ஊருக்குத் தலைவர்?"

அவர் வெளியே பார்த்தார். பந்தலில் யாரோ சாமியாருக்கு மூன்றாவது தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் திரும்பி வந்து பதினாறு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார். அவ்வளவு பெரிய கையெழுத்து அவரிடம் இருந்ததை லியோனிசா அன்றுதான் பார்த்தாள்.

சாயங்காலம் நீர் ஏறியதும் பைபாய் ஆட்களே படகைத் தள்ளி, சுக்கானையும் தாங்களே பிடித்து, மற்ற ஆறு கரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கவர்னர் காத்திருந்து பார்த்துவிட்டு எப்போதோ போயிருந்தார்.

திங்கட்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. பைபாய் மொத்தமும் மேடேறி வந்து சுவரோரம் நின்றது. எஞ்சினியர் அறிக்கையை வாசித்தார். பைபாய் திட்டு தற்போது நீருக்கு அடியில் உள்ளது. குடியிருப்போர் எவருமில்லை. நேரில் பார்வையிடப்பட்டது.

"ஆட்சேபணை உண்டா?" என்று மேயர் சடங்குக்குக் கேட்டார்.

"எஞ்சினியரை ஒண்ணு கேக்கணும்," என்று லியோனிசா முன்னால் வந்தாள். கையில் கிராம அலுவலகத்துக்கென்று வைத்துக்கொண்ட சான்றுக் காப்பி ஒன்று. "இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு ஊழியர் பிரிவுல விடுப்புக்கு மனு குடுத்தீங்களே, அதோட வச்ச சான்று உண்மையா பொய்யா?"

அர்னுல்ஃபோவின் முகம் வெளுத்தது. பிரிவுத் தலைவி வாங்கி முத்திரை குத்திவிட்டாள், எட்டு மனுவுக்கும். அது இனித் திரும்பி வராது.

"என்ன சான்று?" என்றார் மேயர்.

"அவர் நேத்து எங்க இருந்தார்ங்கிற சான்று. பொய்ன்னா அரசாங்கத்துக்குப் பொய்ச் சான்று குடுத்த கேஸ். வேலை போகும், ஜெயிலும் உண்டு. அவர் ஒருத்தர் இல்ல, எட்டுப் பேர். உண்மைன்னா..." அவள் காகிதத்தை உயர்த்திக் காட்டினாள். "உண்மைன்னா நீங்க இல்லைங்கிற ஊருல அவர் வந்து உக்காந்திருக்கார். எது எஞ்சினியர்? ஒண்ணைச் சொல்லுங்க."

"பதில் சொல்லாதே!" என்று மேயர் மேஜையைத் தட்டினார்.

ஆனால் மன்றத்து உறுப்பினர் ஒருவர், தேர்தலில் மேயரை எதிர்த்து வேலை செய்தவர், "சொல்லட்டும், சொல்லட்டும்," என்றார். மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். அர்னுல்ஃபோ மேயரைப் பார்த்தார். தன் ஏழு ஆட்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து பைபாய்ல இருந்தேன்," என்றார்.

"சத்தமா," என்றது சுவரோரத்தில் ஒரு குரல்.

"பைபாய்லதான் இருந்தேன்! நின்னேன், உக்காந்தேன், சாப்பிட்டேன்!" அவருக்குக் கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "மணல் இருக்கு. வீடு இருக்கு. அறிக்கை... அறிக்கை படத்தைப் பாத்து எழுதினது."

மன்றம் சந்தையாகிவிட்டது. மேயர் எழுந்து நின்று, இது எதுவும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறக் கூடாதென்றார். அறிக்கை ஒத்திவைக்கப்படுவதாகவும் சொன்னார். ஒத்திவைத்தால் திரும்பக் கொண்டு வருவார். ஓட்டல்காரர்களும் லேசில் விட மாட்டார்கள், கேப்டன் மகனுக்கு அந்த வாரமே வேலை போகும். லியோனிசாவுக்கு அதெல்லாம் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

குறிப்பெழுதும் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேயரையும் லியோனிசாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதவா, வேண்டாமா?"

"எழுதும்மா," என்றாள் லியோனிசா. "சாப்பிட்டார்னு எழுது. எங்க சாப்பிட்டார்னு ஊர்ப் பேரையும் எழுது. எழுதி முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதான் நிப்போம்."